மீடியம் அக்காவின் இடுப்பளவு

எங்கள் கம்பெனியில் ஒரு பேன்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாரும் டேப்பைத் தேட மாட்டார்கள். மீடியம் அக்காவைக் கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற உடுப்புகளைத் தைக்கிறோம். துணியை ஆயிரக்கணக்கில் வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு உருப்படியைத் தைத்து, மூச்சுவிடுகிற ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் அவள்தான். ஆர்டர் தாளில் மீடியம் என்ற கட்டத்துக்குக் கீழே என்னென்ன எண்கள் இருக்குமோ அத்தனையும் அவள் உடம்பில் இருந்தன. இடுப்பு இருபத்தெட்டு இஞ்ச். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நூல் வெட்டும் மேசைக்கு ஆளாக வந்தவளை, துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர் ஏதோ அவசரத்துக்கு அளந்து பார்த்திருக்கிறார். அன்றோடு அவளுக்கு யோகம் அடித்தது. சாம்பிள் அறை, தலைக்கு மேல் ஃபேன், உட்கார நாற்காலி, மத்தியானம் பத்து நிமிஷம் ஏறி நிற்க அரையடி உயரத்தில் ஒரு மர மேடை. மீதி நேரம் பட்டன் எண்ணுவாள், சாம்பிளுக்கு அட்டை கட்டுவாள்.

நூல் வெட்டும் மேசை என்றால் எட்டு மணி நேரமும் நின்றே ஆக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனால்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே திரும்பிப் போவதை நினைத்தாலே அக்காவுக்குக் கால் கடுக்கும். இதை அவளே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் அதே அறையில் சாம்பிள் டெய்லர். அவள் மேடையில் போட்டு நிற்கிற ஒவ்வொன்றும் நான் தைத்தது. அயர்ன்காரர் எனக்கு வைத்திருக்கிற பேர் டபுள் எக்ஸெல். அவர் சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார், நானும் விளையாட்டுக்குச் சிரிக்கிறேன். எனக்கு மீடியம் அக்காமேல் பொறாமை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். காலையிலிருந்து முதுகு ஒடிய நான் தைப்பேன். ரெண்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கடையின் பையரம்மா வருவாள், அவள் ஊரில் அப்போதுதான் ஆபீஸ் திறக்கும். அக்கா மேடையில் ஏறி இப்படித் திரும்புவாள், அப்படித் திரும்புவாள். 'ரொம்ப அழகு' என்பாள் பையரம்மா. எது அழகு? என் தையலா, அவள் இடுப்பா? ஒருமுறை அந்த அம்மா நேரிலேயே வந்தாள். அக்காவுக்கு வழவழவென்று ஒரு ஸ்கார்ஃப் கொடுத்தாள். என்னிடம் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

போன வருஷம் அக்காவுக்கு நாற்பது முடிந்தது. இடுப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. முதல் தடவை கொக்கி இறுக்கியபோது மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது தடவை டேப்பை எடுத்தார். இருபத்தொன்பதரை.

"ஒரு மாசம் பாக்கறேன்மா. அதுக்குள்ள பழையபடி கொண்டு வந்துடுங்க. இல்லேன்னா உங்க நாத்தனாரைத்தான் நிக்க வைக்கணும். அந்தப் பொண்ணுக்கும் அச்சு அசலா அதே அளவு."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

நாத்தனார் என்றால் அவள் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. இருபத்துமூன்று வயது. அக்காதான் சொல்லிக்கொடுத்து ரெண்டாவது தையல் லைனில் வேலை வாங்கித் தந்தாள். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பஸ். மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம்.

அந்த மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் டப்பாவில் பச்சை முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி இல்லை, ஒரு குண்டான் வேகவைத்த கொண்டைக்கடலை. யாரோ டிவியில் சொன்னார்களாம். அதை அரக்கப்பரக்க மென்று விழுங்கிவிட்டு, பசி அடங்காமல் ஒரு பாட்டில் சோடாவை மடக்மடக்கென்று குடிப்பாள். எதிரே நாத்தனார் நிதானமாக உட்கார்ந்து ரொட்டி, வெண்ணெய், வறுத்த உருளைக்கிழங்கு, ரெண்டு முட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவாள். கடைசியில் டப்பாவின் மூலையை விரலால் வழித்து வாயில் வைப்பாள். எழுந்து நின்றால் வயிறு இருந்த இடம் தெரியாது.

"கல்லைத் தின்னாலும் செரிக்குது பாரு அவளுக்கு," என்பாள் அக்கா, நாத்தனார் கை கழுவப் போனதும். "நான் தண்ணியக் குடிச்சாலும் உப்புது. ஒரே வீட்டுச் சோறுதானடி ரெண்டு பேரும் தின்னோம்?"

"வயசுக்கா."

"எனக்கும் இருபத்துமூணு இருந்துச்சு. நான் இந்தத் தீனி தின்னதில்லை."

பொறாமை வந்தால் மனுஷிக்கு மூளை வேகமாக வேலை செய்யும். மூன்றாவது நாளிலிருந்து அக்கா கட்டிக்கொடுக்கிற நாத்தனாரின் டப்பா பெரிதானது. வெண்ணெய் ரெண்டு கரண்டி கூட, உருளைக்கிழங்கு மேலும் ஒரு பிடி, தனியாக ஒரு சின்ன டப்பாவில் கேக். "ஒரு நாலு கிலோவாவது ஏறட்டும்டி, அப்பறம் பாக்கலாம் மாஸ்டர் யாரை நிக்க வைக்கறார்னு," என்று என் காதில் சொன்னாள். நாத்தனாருக்கு ஒரு கிராம்கூட ஏறவில்லை. மாறாக வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்து, "எங்க அண்ணி மாதிரி யாருக்குக்கா அமையும்? அவங்க வாயைக் கட்டிக்கிட்டு எனக்குப் பாத்துப் பாத்து வைக்கறாங்க," என்றாள். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கொண்டைக்கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டு இருமினாள்.

ஆனால் பட்டினியும் பச்சைக் காயும் வேலை செய்யாமல் இல்லை. எடை இறங்கியது. கன்னம் ஒட்டியது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. சாம்பிள் அறை மூலையில் உடை மாற்ற ஒரு திரை உண்டு. ஒருநாள் அதற்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க கை வெச்சுப் பாரு."

வைத்தேன். வயிறு மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. தட்டினால் சத்தம் வரும்.

"காலையில அளந்தா இருபத்தெட்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல முப்பது. சாயந்திரம் வீட்டுக்குப் போனா இறங்கிடுது. என்ன எழவுன்னே தெரியல. மாஸ்டர்கிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா அவளை ஏத்திடுவார்."

"சொல்லமாட்டேன்கா," என்றேன். சொல்லாதே என்று அவள் கேட்டது எனக்கு எவ்வளவு வசதியாகப் போனது என்பது பின்னால்தான் புரிந்தது.

சூயிங்கம் கொடுத்தது நான். சர்க்கரை இல்லாத வகை, என் பையில் எப்போதும் கிடக்கும். "பசிச்சா இதை மென்னுங்கக்கா," என்று முதல் வாரம் கொடுத்தபோது மனசில் எந்தக் கள்ளமும் இல்லை. அவள் ஒன்று மாற்றி ஒன்று மென்றாள். ஒருநாள் நான் பையை மறந்துவிட்டு வந்தேன், அன்று கேன்டீனில் சோடாவும் தீர்ந்துபோயிருந்தது. ரெண்டரை மணிக்கு அவளுக்கு ஸ்கர்ட் மாட்டிவிட்டபோது ஜிப் தானாக ஏறியது. முக்கால் இஞ்ச் குறைவு. இருபது வருஷமாகத் துணியைத் தொடுகிற கைக்கு முக்கால் இஞ்ச் தெரியாமல் போகுமா? எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் கை நீட்டியபோது ரெண்டு கம் எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், அந்தக் காலையில் ஒரு போட்டோ வந்திருந்தது. நான் மூன்று நாள் கஷ்டப்பட்டுத் தைத்த கோட்டை அக்கா போட்டு நிற்கிற போட்டோ. அதற்குக் கீழே பையரம்மா எழுதியிருந்தாள்: 'உங்கள் மீடியம் பெண்ணுக்கு என் அன்பு.' அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மாதம் முடிந்தது. மாஸ்டர் காலை ஒன்பது மணிக்கு டேப்பை எடுத்தார். அக்கா வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். சரியாக இருபத்தெட்டு.

"அதானே பாத்தேன்," என்று டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே நான் அளக்கப் போறதில்லை. நீங்கதான் என் டேப்பு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் 'நீதான் என் மெஷின்' என்று சொன்னதில்லை.

அடுத்த வாரம் அந்தப் பேன்ட் வந்தது. பெரிய ஆர்டர், புதுத் துணி, இழுத்தாலும் கொடுக்காத துணி. நான் தைத்தேன். மத்தியானம் அக்கா வழக்கம்போலக் கோஸையும் கடலையையும் அவசர அவசரமாக விழுங்கி, சோடா குடித்து, என் கம்மை மென்றுகொண்டே வந்தாள். திரைக்குப் பின்னால் ஜிப் பாதியில் நின்றது. கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் ரெண்டு இஞ்ச் இடைவெளி. சட்டையை இழுத்துவிட்டு அப்படியே மேடையில் ஏறினாள்.

மாஸ்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பேன்ட்டைத்தான் பார்த்தார். வயிற்றைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அது. எங்கள் அறையில் உடுப்பு தப்பாக இருக்கலாம், அக்கா தப்பாக இருக்க முடியாது.

"பேட்டர்ன்ல கோளாறு," என்றார். "போன வாரம்தான் அளந்தேன், இருபத்தெட்டு. இந்தத் துணி தச்சதும் சுருங்குது போல. இடுப்புல ரெண்டு இஞ்ச் கூட விடணும்."

கம்ப்யூட்டர் திரையில் பையரம்மா தலையாட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பயந்துபோன பார்வை. அவளால் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நாத்தனார் மேடையில், அவள் நூல் மேசையில். நான் திறந்திருக்கலாம். 'மாஸ்டர், துணி சுருங்கல, நான் அளந்துதான் தச்சேன், நாளைக்குக் காலையில ஒருதடவை போட்டுப் பாத்துடலாம்' என்று ஒரே வாக்கியம். அவள் ரகசியமும் போயிருக்காது, பேட்டர்னும் பிழைத்திருக்கும். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் பேசவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குண்டூசியைத் துப்பிவிட்டுப் பேச எவ்வளவு நேரமாகும்?

ரெண்டு இஞ்ச் விட்டு மறுபடி தைத்தேன். மறுநாள் ரெண்டரைக்கு அக்காவுக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது. 'ரொம்ப அழகு' என்றாள் பையரம்மா.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணி. லைனில் தைத்து முடித்த முதல் பேன்ட்டை நாத்தனாரே எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் லைன் தைத்ததில் அவளுக்குப் பெருமை. மேனேஜரும் கூட வந்தார். அக்கா திரைக்குப் பின்னால் போய், போட்டிருந்த லெகிங்ஸின் மேலேயே பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வந்து மேடையில் ஏறினாள்.

"கைய எடுங்க," என்றார் மேனேஜர்.

எடுத்தாள். பேன்ட் இடுப்பில் ஒரு கணம் தயங்கி, தொடையில் வழுக்கி, கணுக்காலில் குவிந்தது.

அயர்ன்காரர் சிரித்துவிட்டார், உடனே இருமுவதுபோல் நடித்தார். மாஸ்டர் டேப்பை எடுத்தார். அக்காவின் இடுப்பு இருபத்தேழே முக்கால். மேனேஜரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முந்நூறு பேன்ட் வெட்டியாகிவிட்டது. ரெண்டு இஞ்ச் எப்படி வந்தது, யாருக்கு அளந்தீர்கள், பேய்க்கா என்று கத்தினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சொன்னது அக்காதான். கணுக்காலில் கிடந்த பேன்ட்டை விட்டு வெளியே காலை வைத்து, மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"என் வயிறு சார். சாப்பிட்டா உப்பிடுது. எனக்குத் தெரியும். பயந்துகிட்டு சொல்லல."

அன்று ரெண்டரை மணிக்கு ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து அளந்தார்கள். நாத்தனார் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள், அண்ணி கட்டிக்கொடுத்த பெரிய டப்பாவை. இருபத்தெட்டேகால். அக்கா முப்பது. அவ்வளவுதான், முடிந்தது. ரெண்டாவது லைன் ரெண்டு நாள் உட்கார்ந்து வெட்டிய முந்நூறு பேன்ட்டுக்கும் இடுப்பைக் குறைத்துத் தைத்தது.

"அண்ணி, எனக்கு வேணாம்னு சொல்லிடறேன்," என்று நாத்தனார் அழுதாள்.

"நில்லு போ," என்றாள் அக்கா. "உன் வயிறு சொன்ன பேச்சு கேக்குது. எனக்கு உன்னப் பாத்தா வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. அதுக்காக நீ ஏன் லைன்ல கிடக்கணும்?"

கம்பெனி நர்ஸிடம் அவளைக் கூட்டிப்போனது நான்தான். நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது கொழுப்பில்லம்மா, காத்து. திடீர்னு இவ்வளவு கடலை, பச்சைக் கோஸ், அதுமேல சோடா. போதாததுக்கு சூயிங்கம் வேற. மென்னுக்கிட்டே இருந்தா காத்தத்தான் முழுங்குவீங்க. அதுல சர்க்கரைக்குப் பதிலாப் போடறதும் சில பேருக்கு வயித்த உப்ப வைக்கும். யார் குடுத்தா இதெல்லாம்?"

"நானா வாங்கித் தின்னேன்," என்றாள் அக்கா, யோசிக்கவே இல்லாமல். என் பக்கம் திரும்பவும் இல்லை.

காயை வேகவைத்துச் சாப்பிடு, கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, நிதானமாக மென்று விழுங்கு, சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட, சோடாவையும் கம்மையும் தூக்கிப் போடு என்றாள் நர்ஸ். அதற்குப் பிறகும் இப்படியே உப்பினால் டாக்டரைப் பார் என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் யாராவது அவளை இந்த அறைக்கு அழைத்து வந்திருக்கலாம். என் மெஷினிலிருந்து நாற்பது அடி தூரம்.

இப்போது நாத்தனார் மேடையில் நிற்கிறாள். அவள் போட்டு நிற்பதும் நான் தைத்ததுதான். பையரம்மா அவளையும் அழகு என்கிறாள். எனக்கு இப்போது அவள்மேல் பொறாமை. ஒருத்தி போனால் விட்டுப்போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

அக்கா நூல் வெட்டும் மேசையில் நிற்கிறாள். முதல் மூன்று வாரம் எங்களோடு சாப்பிட வரவில்லை, நின்று நின்று கால் வீங்கி மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். போன திங்கட்கிழமை வந்தாள். நாத்தனாரை அன்று மாஸ்டர் சீக்கிரமே மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார், அதனால் நாங்கள் ரெண்டு பேர்தான். டப்பாவைத் திறந்தாள். வேகவைத்த கேரட், கொஞ்சம் சோறு, ஒரு முட்டை. மெதுவாக மென்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"உப்பறது நின்னுடுச்சுடி," என்றாள். "நேத்து வீட்டுல ரெண்டரை மணிக்கு அளந்து பாத்தேன். இருபத்தெட்டு."

"மாஸ்டர்கிட்ட சொல்றதுதானே அக்கா?"

"சொன்னேன். சிரிச்சார். நல்லதும்மா, உடம்பப் பாத்துக்கோங்கன்னார்." இன்னொரு வாய் எடுத்து மென்று விழுங்கினாள். "இனிமே என்ன அளந்தா என்ன? நான் சொல்ற அளவ அவர் நம்பமாட்டார். நம்பவும் கூடாது."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றாள். "பன்னெண்டு வருஷம் அந்த மேடையில நின்னேன். இந்தக் கம்பெனியில என்னப் பாத்துப் பொருமாத ஆளில்லை. லைன்ல இருக்கறவளுங்க, சூப்பர்வைசர் பொண்டாட்டி, எல்லாரும். நானும் லேசுப்பட்டவ இல்ல, சொந்த நாத்தனாருக்கே வெண்ணெய் வெச்சுக் குடுத்தேன். நீ ஒருத்திதான்டி. பக்கத்துலயே உக்காந்து, எல்லாம் நீயே தச்சு, ஒருநாளும் மூஞ்சி சுளிச்சதில்ல. ஜிப்பு ஏறலேன்னாக்கூட வெளிய சொல்லாம இழுத்துப் போட்டுவிட்டே. எனக்குக் கூடப்பொறந்தவ இல்ல. இருந்தாலும் உன்ன மாதிரி இருந்திருப்பாளான்னு தெரியல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இந்தத் தடவை வாயில் குண்டூசியும் இல்லை, ரொட்டிகூட இல்லை. டப்பாவை மூடித் தள்ளி வைத்தேன்.

"என்னடி, ஒரு வாய்கூட உள்ள போகல?" அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் கையை நீட்டி, அக்கறையாக என் வயிற்றின்மேல் வைத்தாள். "உனக்கும் உப்புதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எந்திரி," என்று என் கையைப் பிடித்தாள். "பத்து நிமிஷம் நடந்தா சரியாயிடும். நானும் வரேன்."